யார்க் நகரில் ஒரு காலை நடை: எங்கே தொடங்கி எதைக் கடைசியில் வைப்பது

இங்கிலாந்தின் வடக்கில் குடியிருப்பதால், வீட்டுக்கு வருகிற உறவினர்களையும் நண்பர்களையும் யார்க் நகருக்கு அழைத்துப் போவது என் வேலையாகிவிட்டது. முதல் சில தடவை எல்லாவற்றையும் தப்பாகத்தான் செய்தேன். ரயிலை விட்டு இறங்கியதும் நேரே மின்ஸ்டர் என்ற பெரிய தேவாலயத்துக்குப் போவோம். உள்ளே இரண்டரை மணி நேரம். வெளியே வரும்போது பசி, கால்வலி. அப்புறம் ஷாம்பிள்ஸ் தெருவுக்குப் போனால் பகல் ஒன்றரை மணிக் கூட்டம். மேலே பார்க்க வேண்டிய தெருவில் முன்னால் போகிறவர் முதுகைத்தான் பார்ப்போம். கோட்டைச் சுவருக்கு நேரமே மிஞ்சாது.

பார்க்கும் இடங்களை மாற்றவில்லை. வரிசையை மட்டும் மாற்றினேன், சரியாகிவிட்டது. இந்த நடை மொத்தம் நாலரைக் கிலோமீட்டர் சுமார். மின்ஸ்டருக்குள் செலவிடும் நேரத்தைச் சேர்க்காமல் மூன்று மணி நேரம். ஸ்டேஷனில் தொடங்கி ஊரை ஒரு சுற்று சுற்றி, மின்ஸ்டரில் முடிகிறது.

1. கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

காலை எட்டரை மணிக்கு யார்க் ஸ்டேஷனில் இருக்கிற மாதிரி ரயில் பாருங்கள். லீட்ஸ், மான்செஸ்டர் பக்கம் இருப்பவர்களுக்கு இது எளிது. லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து ரயில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்; ஆறரைக்கெல்லாம் கிளம்ப வேண்டும். அது முடியாது என்றால் முந்தின நாளே வந்து தங்கிவிடுங்கள். பத்தரைக்கு மேல் தொடங்கினால் இந்த வரிசையால் பாதிப் பயன்தான்.

காரில் வருபவர்கள் ஊருக்குள் நுழைய வேண்டாம். நகரைச் சுற்றியுள்ள வட்டச் சாலையை ஒட்டிப் பெரிய வண்டி நிறுத்துமிடங்கள் உண்டு. அங்கே காரை விட்டுவிட்டுப் பேருந்தில் வந்துவிடலாம். உள்ளே தெருக்கள் குறுகல், பகலில் பலவற்றில் வண்டி ஓடவே கூடாது.

செருப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். ஷாம்பிள்ஸில் தரை முழுக்க உருண்டைக் கல். கோட்டைச் சுவரின் படிகள் பல நூறு வருடம் மிதிபட்டு நடுவில் குழிந்திருக்கும். மழை பெய்தால் வழுக்கும். பட்டுப்புடவைக்குப் பொருத்தமாகக் குதிகால் செருப்பு போட்டு வந்த என் அத்தை, அந்தச் சுவருக்கு ஏறும் படியில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். நல்ல பிடிமானமுள்ள ஷூ போதும்.

மின்ஸ்டருக்குக் கட்டணம் உண்டு, சீட்டை இணையத்திலேயே எடுத்துவிடுங்கள். எடுப்பதற்கு முன் அந்த நாள் நேர அட்டவணையைப் பாருங்கள். அது இன்றும் வழிபாடு நடக்கிற கோயில். ஞாயிறு காலையில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். பட்டமளிப்பு, சிறப்பு வழிபாடு என்று மற்ற நாளிலும் மூடுவதுண்டு. பதினொன்றரைக்கு மேல் என்று நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

தவிர்க்க வேண்டிய நாட்கள்: டிசம்பரை ஒட்டிய கிறிஸ்துமஸ் சந்தைச் சனிக்கிழமைகள், ஆகஸ்டில் பெரிய குதிரைப் பந்தயம் நடக்கும் நாட்கள். அன்றைக்கு எந்த வரிசையும் உங்களைக் காப்பாற்றாது.

2. மூன்று சொற்களைப் புரிந்துகொள்ளுங்கள்

யார்க்கில் 'கேட்' என்றால் தெரு. வாசல் என்று பொருள் இல்லை. 866-இல் ஊரைப் பிடித்த வைக்கிங்குகளின் மொழியில் தெருவுக்குப் பெயர் 'காட்டா'. அது அப்படியே ஒட்டிக்கொண்டது. குட்ரம்கேட், ஸ்டோன்கேட், பீட்டர்கேட் எல்லாம் தெருக்கள்.

உண்மையான கோட்டை வாசலுக்குப் பெயர் 'பார்'. பூத்தம் பார், மங்க் பார், மிக்கிள்கேட் பார் என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு என் சித்தப்பா, "காலங்காத்தாலேயே எத்தனை பாருக்குடா கூட்டிட்டுப் போகப் போறே?" என்று கேட்டார். குடிக்கிற இடத்துக்கு இங்கே பப் என்று பெயர்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. வழி கேட்டால் ஊர்க்காரர்கள் இந்தச் சொற்களில்தான் பதில் சொல்வார்கள். குட்ரம்கேட்டில் நின்றுகொண்டே "கேட் எங்கே?" என்று தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

3. ஸ்டேஷனிலிருந்து லெண்டல் பாலம்: சுவரை வலது கைப்பக்கம் வைத்து நடங்கள்

ஸ்டேஷன் முகப்பை விட்டு வெளியே வந்ததும் இடப்பக்கம் திரும்புங்கள். சாலைக்கு எதிரே புல்மேட்டின் மேல் வெள்ளைக் கல் சுவர் தெரியும். அதுதான் கோட்டைச் சுவர். ஏறிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். இப்போது வேண்டாம். சுவர் மொத்தம் 3.4 கிலோமீட்டர், அதில் மிக அழகான பகுதி ஆற்றின் அடுத்த கரையில் இருக்கிறது. காலில் பலம் இருக்கும்போது அதில் ஏறுவதுதான் கணக்கு.

சுவரின் அடியில், சாலையோரப் புல்தரையில், சில பழைய கல்லறைக் கற்கள் நிற்கும். 1832-இல் காலரா வந்தபோது ஊருக்குள் புதைக்க இடமில்லாமல் இங்கே புதைத்தார்கள். பெரும்பாலோர் பெட்டியை இழுத்துக்கொண்டு இதைப் பார்க்காமலே கடந்துவிடுவார்கள்.

சில நிமிடத்தில் ஊஸ் ஆற்றின் மேல் லெண்டல் பாலம். 1863-இல் திறந்த இரும்புப் பாலம். இரு முனையிலும் கல் கோபுரங்கள் நிற்கின்றன. இடைக்காலத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே ஆற்றின் குறுக்கே சங்கிலி கட்டி, படகுகளிடம் சுங்கம் வாங்கினார்கள். பாலத்தின் நடுவில் நின்று எதிரே பாருங்கள்: மின்ஸ்டர் கோபுரங்கள் முதன்முதலாக இங்கேதான் தெளிவாகத் தெரியும். இனி இரண்டரை மணி நேரம் அதைச் சுற்றித்தான் நடக்கப்போகிறோம்.

4. மியூசியம் கார்டன்ஸ்: இரண்டே இரண்டு பொருளைப் பாருங்கள்

பாலம் முடிந்ததும் இடப்பக்கம் பூங்கா வாசல். உள்ளே போக கட்டணம் இல்லை. அரை மணிக்கு மேல் இங்கே செலவழிக்காதீர்கள். அணில்களுக்குத் தீனி போட ஆரம்பித்தால் குழந்தைகள் நகரமாட்டார்கள்; அதைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளலாம்.

முதலில், நுழைந்து வலப்பக்கம் உள்ள பலகோணக் கோபுரம். பக்கத்தில் போய், கல்லைத் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் நில்லுங்கள். கீழ்ப்பாதியில் கற்கள் சிறியவை, செங்கல் அளவுக்குச் சீராக வெட்டியவை. நடுவில் சிவப்பு ஓட்டு வரிசை ஒன்று, பட்டை கட்டியது மாதிரி ஓடும். அதற்கு மேல் போனால் கற்கள் திடீரென்று பெரிதாகும், அம்பு எய்யும் பிளவுகள் தெரியும். கீழே இருப்பது ரோமானியர் கட்டியது, மேலே இருப்பது இடைக்காலத்தவர் அதன் தலையில் ஏற்றியது. நடுவே ஆயிரம் வருட இடைவெளி.

இந்த ஒரு கோபுரத்தை நிதானமாகப் பார்த்துவிட்டால் மீதி ஊர் புரிந்துவிடும். ரோமானியர் கி.பி. 71-இல் இங்கே கோட்டை கட்டி எபோராக்கம் என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் போட்ட அடித்தளத்தின் மேல்தான் அடுத்தடுத்து வந்தவர்கள் எல்லோரும் கட்டினார்கள். நடையின் தொடக்கத்தில் இதை வைப்பதற்கு இதுதான் காரணம். கடைசியில் வைத்தால் வெறும் பழைய கல்லாகத்தான் தெரியும்.

இரண்டாவது, செயின்ட் மேரிஸ் மடத்தின் இடிபாடு. 1088-இல் தொடங்கிய பெனடிக்டைன் துறவிகளின் மடம். 1539-இல் எட்டாம் ஹென்றி காலத்தில் மூடி, கூரையைப் பிரித்துவிட்டார்கள். இப்போது ஒரு நீண்ட சுவரும் அதில் வெறும் ஜன்னல் வளைவுகளும் மட்டும் புல்வெளியில் நிற்கின்றன. வளைவுக்குள் வானம் தெரிகிற மாதிரி புகைப்படம் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பூங்காவின் கீழ்ப்பக்கம் ஆற்றங்கரைப் பாதை உண்டு. ஊஸ் ஆற்றில் வெள்ளம் வருவது இந்த ஊரில் சகஜம். மழைக்காலத்தில் அந்தப் பாதை அப்படியே முழுகிவிடும். நம் வழி அந்தப் பக்கமே போகாது.

5. பூத்தம் பார் முதல் மங்க் பார் வரை சுவரின் மேல்

பூங்காவை ஒட்டிய ஓவியக் கூடத்தின் பின்பக்கப் பாதை வழியாக எக்ஸிபிஷன் சதுக்கத்துக்கு வரலாம். அது பூட்டியிருந்தால் வந்த வாசலிலேயே வெளியேறி, இடப்பக்கம் திரும்பி, மறுபடி இடப்பக்கம் வளையும் சாலையில் போனால் அதே சதுக்கம்தான். எதிரே பூத்தம் பார். ரோமானியக் கோட்டையின் வாசல் இருந்த அதே இடத்தில் நிற்கிறது.

சுவர் காலை எட்டு மணிக்குத் திறந்து, இருட்டும் நேரத்தில் மூடும். கட்டணம் கிடையாது. குளிர்காலத்தில் பனி உறைந்திருந்தால் திறக்கமாட்டார்கள். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும் என்பதால், மதியத்துக்கு மேல் வந்து "சுவரைக் கடைசியில் பார்த்துக்கலாம்" என்று விட்டவர்கள் எல்லோரும் பூட்டிய கம்பிக் கதவைத்தான் பார்த்தார்கள். நானும் ஒருமுறை பார்த்தேன்.

பூத்தம் பாரில் ஏறி மங்க் பாரில் இறங்குங்கள். இருபது, இருபத்தைந்து நிமிட நடை. மொத்தச் சுவரிலும் இந்தத் துண்டைத்தான் நான் பரிந்துரைப்பேன். மின்ஸ்டர் வலப்பக்கத்தில், தோட்டங்களுக்கும் மரங்களுக்கும் பின்னால், நீங்கள் நடக்க நடக்கத் திரும்பிக்கொண்டே வரும். மேற்குக் கோபுரங்கள் இரண்டும் முதலில், பிறகு நடுக் கோபுரம், பிறகு கிழக்கு முனை. காலை வெயில் கிழக்கிலிருந்து விழுவதால் கல் வெண்ணெய் நிறத்தில் இருக்கும்.

சுவரின் உட்பக்கம் எல்லா இடத்திலும் கைப்பிடிக் கம்பி இருக்காது. சின்னக் குழந்தைகளின் கையை விடாதீர்கள், செல்ஃபிக்காகப் பின்னால் நகராதீர்கள். எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நின்று வழி விடுவது இங்கே வழக்கம்.

சுவருக்கு உள்ளே தெரியும் பழைய வீடுகளில் ஒன்று டிரெஷரர்ஸ் ஹவுஸ். 1953-இல் அதன் நிலவறையில் வேலை செய்த ஓர் இளம் தொழிலாளி, ரோமானிய வீரர்கள் சுவருக்குள்ளிருந்து அணிவகுத்து வந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். முதலில் முழங்காலுக்குக் கீழே அவர்களுக்குக் கால் தெரியவில்லையாம். தோண்டிவைத்திருந்த இடத்துக்கு வந்ததும்தான் கால் தெரிந்ததாம். பழைய ரோமானியச் சாலை தரைக்குக் கீழே இருந்தது. பேயை நம்புவது உங்கள் விருப்பம். ஊரின் தரை இரண்டாயிரம் வருடத்தில் மேலே ஏறிக்கொண்டே வந்திருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், மின்ஸ்டருக்குள் இது உதவும்.

முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு: ஏறும் படியும் இறங்கும் படியும் செங்குத்து, மங்க் பார் படி மிகக் குறுகல். சக்கர நாற்காலிக்கு வழியே இல்லை. அவர்களைக் கில்லிகேட் வழியாக லார்ட் மேயர்ஸ் வாக் என்ற சாலையில் கூட்டிப் போங்கள். சுவருக்கு வெளியே, புல்மேட்டின் அடியில் போகிற சமதளச் சாலை. அதே மங்க் பாரில் வந்து சேரும். மார்ச், ஏப்ரலில் மேடு முழுக்க மஞ்சள் டாஃபடில் பூத்திருக்கும், அவர்களுக்குத்தான் நல்ல காட்சி. என் அம்மாவை அப்படித்தான் அனுப்பினேன், மேலே இருந்த எங்களைவிட முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மங்க் பாரில் இறங்கியதும் வெளிப்பக்கம் போய் அண்ணாந்து பாருங்கள். நாலு மாடி, வாசல்களிலேயே உயரமானது. உச்சியில் கல்லைத் தூக்கி எறியத் தயாராகச் சில கல் மனிதர்கள் நிற்பார்கள்.

6. குட்ரம்கேட் வழியாக ஷாம்பிள்ஸ்: பத்து மணிக்குள்

பாரின் உள்பக்கம் நேராகப் போவது குட்ரம்கேட். வலப்பக்கம் லேடி ரோ என்ற வெள்ளைப் பூச்சு வீடுகளின் வரிசை வரும். 1316 வாக்கில் கட்டியவை. ஊரிலேயே பழைய வீடுகள். அவற்றை ஒட்டி ஒரு சின்ன வளைவு வாசல். உள்ளே ஹோலி டிரினிட்டி தேவாலயம். காலையில் பூட்டியிருந்தாலும் முற்றத்தில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள். திறந்திருந்தால், மரத்தடுப்பு வைத்துப் பெட்டி பெட்டியாகப் பிரித்த பழைய இருக்கைகளைப் பார்க்கலாம். தரை சாய்ந்திருப்பதால் அவையும் அலைபோல் சாய்ந்திருக்கும்.

தெரு முடிவில் கிங்ஸ் சதுக்கம். அதன் ஓரத்தில் ஷாம்பிள்ஸ் தொடங்குகிறது. பத்து மணிக்குள் வந்துவிட்டால் கடைக்காரர்கள் கதவு திறந்துகொண்டிருப்பார்கள், தெரு உங்களுடையது. பதினொன்றரைக்கு மேல் இங்கே நகரக்கூட முடியாது. நடையின் வரிசையே இந்த ஒரு தெருவை வைத்துத்தான் அமைந்தது.

இங்கே செய்யும் தவறு, கடை ஜன்னல்களைப் பார்ப்பது. மந்திரக்கோலும் மிட்டாயும் எங்கும் கிடைக்கும். பார்க்க வேண்டியவை வேறு. மேல்மாடிகள் கீழ்மாடியைவிட முன்னால் தள்ளிக் கட்டப்பட்டவை. சில இடங்களில் இரு பக்க வீட்டாரும் ஜன்னல் வழியே கைகொடுத்துக்கொள்ளலாம். இது கசாப்புக்காரர்களின் தெரு. 1872-இல்கூட 25 கசாப்புக் கடைகள் இருந்தன, இன்று ஒன்றுகூட இல்லை. தெரு குறுகலாக, நிழலாக இருந்ததால் இறைச்சி வெயிலில் கெடாமல் நின்றது.

அடையாளங்கள் இன்னும் இருக்கின்றன. கடை ஜன்னலுக்குக் கீழே அகலமான மரப் பலகை பார்த்தால் அது இறைச்சியைப் பரப்பி வைத்த இடம். அதற்கு மேல், கூரை விளிம்பை ஒட்டி, கறுத்த இரும்புக் கொக்கிகள் வரிசையாகத் தொங்கும். நடைபாதை இரு பக்கமும் சற்று உயர்ந்து, நடுவில் வாய்க்கால்போல் தாழ்ந்திருக்கும். கழுவிவிடும் ரத்தமும் தண்ணீரும் ஓடிய வழி. இதைச் சொன்னதும் என் அண்ணன் மகன் தெருவின் ஓரமாகவே நடந்தான்.

ஒரு வீட்டில் மார்கரெட் கிளிதரோவின் சின்னப் பிரார்த்தனை அறை இருக்கிறது. கசாப்புக்காரரின் மனைவி. கத்தோலிக்கப் பாதிரியார்களுக்கு அடைக்கலம் கொடுத்ததாகக் குற்றம் சாட்டி, 1586-இல் கனமான பாரத்தை மேலே ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். உள்ளே பேச்சைக் குறையுங்கள், கும்பிட வருகிறவர்கள் உண்டு.

தெருவின் கீழ்முனைக்கு அருகே விப்-மா-வாப்-மா-கேட். ஊரிலேயே நீளமான பெயரும் குட்டையான தெருவும் இதுதான். பெயர்ப் பலகையோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள், வேறு வேலை அங்கே இல்லை.

கழிப்பறைக்கும் தேநீருக்கும் இதுதான் இடம். ஷாம்பிள்ஸை ஒட்டிய சந்தையில் சாப்பாட்டுக் கடைகள் உண்டு.

7. கிளிஃபர்ட்ஸ் டவர்

கீழ்முனையில் பேவ்மென்ட் என்ற சாலையை அடைந்து வலப்பக்கம் திரும்புங்கள். எண்கோணக் கூண்டு வைத்த கோபுரத்துடன் ஆல் செயின்ட்ஸ் தேவாலயம் தெரியும். காட்டில் வழி தவறியவர்களுக்காக அந்தக் கூண்டில் விளக்கு ஏற்றி வைத்தார்களாம். அதைத் தாண்டி இடப்பக்கம் காசில்கேட்டில் திரும்பி நேரே போனால் பச்சை மண்மேடு, அதன் மேல் கல் கோபுரம்.

மேட்டை 1068-இல் வில்லியம் அரசர் எழுப்பினார். மேலே முதலில் இருந்தது மரக் கோபுரம். 1190 மார்ச் 16 இரவு, ஊர்க் கும்பலுக்குப் பயந்து ஏறக்குறைய 150 யூதர்கள் அதற்குள் ஒளிந்தார்கள். வெளியே வந்தால் கொலை அல்லது கட்டாய மதமாற்றம் என்ற நிலையில் பெரும்பாலோர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். வெளியே வந்தவர்களைக் கும்பல் கொன்றது. மரக் கோபுரம் எரிந்தது. இப்போதுள்ள கல் கோபுரம் 13-ஆம் நூற்றாண்டில் கட்டியது. மேட்டின் அடியில் ஒரு நினைவுக் கல் இருக்கிறது. படியில் ஓடி ஏறும் முன் அதைப் படியுங்கள்.

ஏறுவதா வேண்டாமா? ஐம்பத்தைந்து படி, தனிக் கட்டணம். 2022-இல் மேலே மரத் தளம் அமைத்துத் திறந்த பிறகு ஊர் முழுவதையும் சுற்றிப் பார்க்க முடிகிறது. மின்ஸ்டர் கோபுரத்தில் ஏறப்போவதில்லை என்றால் இதில் ஏறுங்கள். இரண்டிலும் ஏற வேண்டியதில்லை, ஒன்று போதும்.

இங்கிருந்து வைக்கிங் அருங்காட்சியகமான யோர்விக் பக்கம்தான். 1976 முதல் 1981 வரை காப்பர்கேட்டில் தோண்டிய இடத்திலேயே கட்டியது. நன்றாக இருக்கும், ஆனால் வரிசை நீளம். முன்பதிவு இல்லாமல் இந்த நடையில் சேர்த்தால் மொத்தக் கணக்கும் குலையும். பிள்ளைகள் கேட்டால் மதியத்துக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

8. கோனி தெரு வழியாகத் திரும்பி ஸ்டோன்கேட்

காப்பர்கேட் வழியாக மேற்கே வந்து, வலப்பக்கம் திரும்பினால் கோனி தெருவில் சேரும். கடைத்தெரு, வேகமாகக் கடக்கலாம். ஓரிடத்தில் மட்டும் நில்லுங்கள். தெருவுக்கு மேல் நீட்டிக்கொண்டு பெரிய கடிகாரம், அதன் தலையில் கருவியைப் பிடித்துச் சூரியனை அளக்கும் குட்டிக் கடற்படைத் தளபதி பொம்மை. பின்னால் உள்ள செயின்ட் மார்ட்டின் தேவாலயம் 1942 ஏப்ரல் 29 அன்று ஜெர்மன் குண்டுவீச்சில் எரிந்தது. ஒரு பகுதியை மட்டும் திருப்பிக் கட்டி, மீதியைத் திறந்த முற்றமாக விட்டுவிட்டார்கள். உள்ளே உட்கார இடம் உண்டு.

தெரு முடிவில் செயின்ட் ஹெலன்ஸ் சதுக்கம். மூலையில் பெட்டிஸ் தேநீர்க்கடை, வாசலில் வரிசை. என் கருத்தைக் கேட்டால், முதல்முறை வருகிறவர்கள் இந்த வரிசையில் நிற்க வேண்டாம். அந்த நேரத்தில் மின்ஸ்டரில் ஒரு ஜன்னலை முழுசாகப் பார்க்கலாம்.

சதுக்கத்தின் எதிர்மூலையில் ஸ்டோன்கேட். இதுதான் ரோமானியக் கோட்டையின் முக்கிய வீதி. நேராகப் படைத் தலைமையகத்துக்குப் போனது. அந்தத் தலைமையகம் இருந்த இடத்தில்தான் மின்ஸ்டர். அதனால்தான் கடைசிக் கட்டத்தில் இந்தத் தெருவை மேல்நோக்கி நடக்கச் சொல்கிறேன். மேலிருந்து கீழே வந்தால் மின்ஸ்டர் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

தெருவின் குறுக்கே தலைக்கு மேல் ஒரு பப்பின் பெயர்ப் பலகை உத்தரம்போல் ஓடும். 33-ஆம் எண் வீட்டின் மூலையில், இடுப்பில் சங்கிலியுடன் சிவப்புக் குட்டிச் சாத்தான். பயப்பட வேண்டாம், அச்சகத்தின் அடையாளம். அச்சகத்தில் எடுபிடி வேலை செய்யும் பையனை அந்தக் காலத்தில் சாத்தான் என்றுதான் அழைத்தார்கள். அதை ஒட்டிய இருட்டுச் சந்து காஃபி யார்ட். உயரமானவர்கள் தலை குனிந்து நுழைய வேண்டும். உள்ளே கொஞ்ச தூரம் போய்விட்டு அதே வழியில் திரும்புங்கள். அந்தப் பக்கம் வெளியேறினால் வேறு தெருவுக்குப் போய்விடுவீர்கள். நிறைய பேர் இங்கேதான் வழி தவறுகிறார்கள்.

ஸ்டோன்கேட்டின் மேல்முனையில் பீட்டர்கேட் குறுக்கிடும். எதிரே சின்ன வழி, அதன் மூலையில் ஆந்தையோடும் புத்தகக் குவியலோடும் மினர்வா தேவி சிலை. 1801-இல் வைத்த புத்தகக் கடை அடையாளம். அவளைத் தாண்டினால் சட்டென்று மின்ஸ்டரின் தெற்கு முகப்பு முழுவதும் எழுந்து நிற்கும்.

9. மின்ஸ்டர்: வெளியே பத்து நிமிடம், பிறகு உள்ளே

உடனே வாசலுக்கு ஓடாதீர்கள். முகப்புக்கு முன்னால் வெண்கலத்தில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவர் கான்ஸ்டன்டைன். 306-இல் இதே ஊரில்தான் படைவீரர்கள் அவரைப் பேரரசராக அறிவித்தார்கள். அருகே ஒற்றையாக நிற்கும் ரோமானியத் தூண் மின்ஸ்டருக்கு அடியிலிருந்து தோண்டி எடுத்தது. அதைத் தலைகீழாக நட்டுவிட்டதாக ஊரில் கேலி பேசுவார்கள். பக்கத்துச் சின்ன தேவாலயத்தில் 1570-இல் ஞானஸ்நானம் பெற்றவர், பின்னாளில் லண்டன் நாடாளுமன்றத்தைத் தகர்க்கப் போட்ட வெடிமருந்துச் சதியில் பிடிபட்ட கை ஃபாக்ஸ்.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் நடுக்கூடத்தின் கூரையைப் படம் எடுப்பார்கள். அது கல் என்றுதான் நினைப்பீர்கள். மரம், கல் மாதிரி வண்ணம் பூசியது. இந்தக் கட்டடத்தில் தீ ஒரு பழைய பகை: 1829-இல் ஒருவர் வேண்டுமென்றே வைத்த தீ, 1984 ஜூலை 9 அன்று தெற்குப் பக்கக் கூரையில் பிடித்த தீ.

இந்த வரிசையில் பாருங்கள். முதலில் வடக்குப் பக்கம் உள்ள ஐந்து சகோதரிகள் ஜன்னல்: 13-ஆம் நூற்றாண்டு, ஐந்து நெடிய பட்டைகள், சாம்பல் பச்சைக் கண்ணாடி. தூரத்திலிருந்து மங்கலாகத் தெரியும். கண் பழகும்வரை ஒரு நிமிடம் நின்றால் லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு துண்டுகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். அடுத்து அதன் பக்கத்து எண்கோண மண்டபம். அவ்வளவு பெரிய கூரைக்கு நடுவில் தூணே கிடையாது. சுவரைச் சுற்றிச் செதுக்கிய முகங்களில் ஒன்று மூக்கை நோண்டுகிற மாதிரி, ஒன்று பல்லைக் காட்டுகிற மாதிரி. பிள்ளைகளிடம் தேடச் சொல்லிவிட்டு நீங்கள் கொஞ்சம் உட்காரலாம்.

பிறகு கிழக்கு முனைப் பெரிய ஜன்னல். ஜான் தார்ன்டன் என்பவர் 1405 முதல் 1408 வரை மூன்றே வருடத்தில் முடித்தார். கிட்டத்தட்ட ஒரு டென்னிஸ் ஆடுகளம் அளவு. மேலே உலகப் படைப்பு, கீழே உலக முடிவு. இதைக் காலையிலேயே பார்க்க ஆசைப்படுவது புரிகிறது. பன்னிரண்டு மணி வாக்கிலும் வெளிச்சம் குறையாது.

கடைசியாக நிலவறை. 1960-களின் கடைசியில் நடுக் கோபுரம் சாய ஆரம்பித்தபோது அடித்தளத்தைப் பலப்படுத்தத் தோண்டினார்கள், ரோமானியத் தலைமையகம் கிடைத்தது. காலையில் சுவர் மேல் சொன்ன தரை மட்டக் கதையை இங்கே கண்ணால் பார்க்கலாம்: நீங்கள் படி இறங்கிப் போய் நிற்பதுதான் அவர்களுடைய தரை.

நடுக் கோபுரத்துக்கு 275 படி, குறுகல், பாதி வழியில் திரும்ப முடியாது. சீட்டு தனி, எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை விடமாட்டார்கள். மூச்சிரைப்பு உள்ளவர்களும் மூடிய இடத்துக்குப் பயப்படுகிறவர்களும் கீழேயே இருந்துவிடலாம்.

செலவைக் குறைக்க வேண்டுமென்றால் மாலை வழிபாட்டுக்கு வாருங்கள், பாடகர் குழு பாடுவதைக் கட்டணமில்லாமல் கேட்கலாம். சுற்றிப் பார்க்க மட்டும் முடியாது, கடைசிவரை உட்கார வேண்டும்.

10. சாப்பாடும் திரும்பும் வழியும்

கட்டுச்சோறு கொண்டுவந்திருந்தால் மின்ஸ்டரின் வடக்குப் பக்கம் டீன்ஸ் பார்க் என்ற புல்வெளி இருக்கிறது. நாங்கள் எப்போதும் புளிசாதம் சாப்பிடுவது அங்கேதான். காலையில் சுவர் மேலிருந்து பார்த்த அதே தோட்டப் பகுதி. குப்பையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

ஸ்டேஷனுக்கு மேற்கு முகப்பிலிருந்து டங்கம் பிளேஸ், மியூசியம் தெரு, லெண்டல் பாலம் என்று நேர் வழி. தனியாக நடந்தால் பதினைந்து நிமிடம், பெரியவர்களோடு இருபத்தைந்து. ரயிலுக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போதே புல்வெளியை விட்டு எழுந்துவிடுங்கள். போகும் வழியில் மியூசியம் கார்டன்ஸ் மறுபடி வரும், பிள்ளைகளுக்கு அணில் பாக்கி இருக்கிறது.